கோலத்தின் இலக்கணம்

கோவை மாநகருக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் தொண்டாமுத்தூர். தென்னையும் பாக்கும் வாழையும் நிறைந்த தோட்டங்கள் அவ்வூரைச் சூழ்ந்து நிற்கும். மார்கழித் திங்களில் மலையிலிருந்து இறங்கும் பனிக்காற்று உடலை நடுக்கும். ஆயினும், கதிரவன் எழுமுன்னரே பெண்கள் எழுந்துவிடுவர். வாசலைக் கூட்டிச் சாணநீர் தெளித்து, ஈரம் உலருமுன் புள்ளி வைத்துக் கோலம் இடுவர். கோலத்தின் நடுவே, சாண உருண்டையின்மேல் பூசணிப்பூ மஞ்சள் ஒளி வீசும்.

அவ்வூரில் ஒரு வீட்டு வாசலில் நிகழ்வதாக ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்தி கோலம் இடுகின்றாள். அவளுடைய அம்மாயி திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். தாயைப் பெற்ற பாட்டியைக் கொங்கு நாட்டார் அம்மாயி என்று அழைப்பர். அம்மாயியின் கண்களில் புரை படர்ந்துவிட்டது. வாசலில் வைக்கும் புள்ளிகள் அவருக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தின் படியை அவர் மிதித்ததும் இல்லை. பத்திரங்களில் பெருவிரல் ரேகை வைப்பதே அவர் வழக்கம். 'எழுத்தறியாத அம்மாயிக்குக் கணக்கு எவ்வாறு தெரியும்?' என்பது பேத்தியின் எண்ணம்.

அன்று இருபத்தொரு புள்ளிக் கோலம். நேர்ப்புள்ளி, ஒன்று வரை. அஃதாவது முதல் வரியில் 1 புள்ளி. அடுத்த வரியில் 3. பின்னர் 5, 7 என வளர்ந்து நடுவரியில் 21 புள்ளிகள். அதன்பின் 19, 17 எனக் குறைந்து இறுதியில் 1 புள்ளி. "ஒவ்வொரு வரியையும் வைத்தவுடன் வாய்விட்டுச் சொல், அம்மிணி. வளர்ந்தால் 'ஏறு' என்று சொல், குறைந்தால் 'இறங்கு' என்று சொல்," என்றார் அம்மாயி. சிறுமி அவ்வாறே கூறிக்கொண்டு புள்ளி வைத்தாள். "ஏறு, ஏறு" என்று பத்து முறை கூறினாள், "நடு" என்றாள், பின்னர் "இறங்கு, இறங்கு" என்று கூறி முடித்து நிமிர்ந்தாள்.

"ஒரு வரி விட்டுப் போயிற்று, அம்மிணி," என்றார் அம்மாயி.

சிறுமி நம்பவில்லை. விளக்கை அருகே கொணர்ந்து எண்ணிப் பார்த்தாள். 11 புள்ளி வரிக்குப் பின் 9 புள்ளி வரியை வையாமல், 7 புள்ளி வரிக்குத் தாவியிருந்தாள். அவளுக்கு வியப்புத் தாங்கவில்லை. "கண்ணால் காணாமலே எவ்வாறு அறிந்தீர்கள், அம்மாயி?" என்று வினவினாள். அம்மாயி தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

"நீ 'ஏறு' என்னும்போதெல்லாம் ஒரு கொட்டையை மடியில் இட்டேன், 'இறங்கு' என்னும்போதெல்லாம் ஒன்றை வெளியே எடுத்தேன். நீ முடித்துவிட்டாய், கொட்டை முடியவில்லையே!" என்று கூறிச் சிரித்தார்.

அம்மாயி செய்தது எளிய செயல்போல் தோன்றலாம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் கணித அறிஞர்கள் நிறுவிய ஒரு பெரிய துறையின் அடிப்படை அதனுள் அடங்கியிருக்கின்றது. விதிகளைக் கொண்டு எவற்றை ஆக்கலாம்? அவ்வாறு ஆக்கப்பட்டது சரியா, பிழையா என்று ஆராய்வதற்கு ஒரு பொறிக்கு எவ்வளவு நினைவு வேண்டும்? எவ்வளவு நினைவிருந்தும் செய்ய இயலாதது உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே அத்துறையின் நோக்கம். கணிப்பியல் கோட்பாடு என்பது அதன் பெயர்.

முதலில் விதிகளைக் காண்போம். சிறுமி வைத்த புள்ளிக் கோலத்தின் அமைப்பை இரண்டே விதிகளில் கூறிவிடலாம். 'கோலம் என்பது ஒரு நடுவரி' என்பது முதல் விதி. 'ஏற்றம் ஒன்று, அதன்பின் ஒரு கோலம், அதன்பின் இறக்கம் ஒன்று என வருவதும் கோலமே' என்பது இரண்டாம் விதி. இரண்டாம் விதியை ஒரு முறை பயன்படுத்தி, முதல் விதியால் முடித்தால் 1, 3, 1 என்னும் சிறு கோலம் கிடைக்கும். மூன்று முறை பயன்படுத்தினால் 1, 3, 5, 7, 5, 3, 1 என 25 புள்ளிகள் கொண்ட கோலம் கிடைக்கும். பத்து முறை பயன்படுத்தினால் அம்மாயி வீட்டு இருபத்தொரு புள்ளிக் கோலம் கிடைக்கும். விதிகள் இரண்டே, அவற்றிலிருந்து பிறக்கும் கோலங்களுக்கோ முடிவில்லை. சில விதிகளால் எண்ணற்றவற்றை ஆக்கும் இத்தகைய அமைப்பை அறிஞர்கள் இலக்கணம் என்றே அழைக்கின்றனர்.

இலக்கணம் என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களில் மொழியின் அமைப்பை வரையறுத்தது தொல்காப்பியம். வடமொழியில் பாணினி ஏறத்தாழ நாலாயிரம் நூற்பாக்களில் அம்மொழியின் சொல்லாக்கத்தை வகுத்தார். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நோம் சாம்ஸ்கி, மொழியை விளக்கும் விதி அமைப்புகளைக் கணித முறையில் ஆராய்ந்து, அவற்றின் ஆற்றல் ஒன்றுபோல் இல்லை என்று காட்டினார். பின்னர் அவை நான்கு படிகளாக வகுக்கப்பட்டன. கீழ்ப்படியில் உள்ள இலக்கணத்தால் ஆக்க இயலாத சிலவற்றை மேற்படியில் உள்ள இலக்கணம் ஆக்கும். ஒவ்வொரு படிக்கும் ஏற்ற ஒருவகைப் பொறியும் உண்டு. அப்பொறி இரும்பால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டுவதில்லை. விதிப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செயலாற்றும் எதுவும் பொறியே. அதனைத் தானியங்கி என்பர்.

மிக எளிய தானியங்கிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனின், யாப்பிலக்கணத்தை நோக்கலாம். வெண்பாவில் சீர்கள் எவ்வாறு இணைய வேண்டும் என்பதை மாணவர் அறிவர். மாச்சீரை அடுத்து நிரை வரவேண்டும். விளச்சீரை அடுத்து நேர் வரவேண்டும். காய்ச்சீரை அடுத்தும் நேரே வரவேண்டும். ஒரு வெண்பாவில் தளை பிழைத்துள்ளதா என்று ஆராய்பவர், பாட்டு முழுவதையும் நினைவில் வைக்க வேண்டுமா? வேண்டா. சற்றுமுன் கடந்த சீர் எவ்வாறு முடிந்தது என்பது ஒன்றே போதும். பாட்டு நான்கடியாயினும் நாலாயிரம் அடியாயினும் அவருக்கு வேண்டும் நினைவு அவ்வளவே. இவ்வாறு, வரையறுத்த சில நிலைகளை மட்டும் நினைவில் கொண்டு இயங்குவது முதற்படித் தானியங்கி.

அத்தகைய பொறியால் அம்மாயியின் வேலையைச் செய்ய இயலுமா? இயலாது. அதற்குரிய காரணம் எளிமையானது, அழகானதும்கூட. ஒரு பொறியின் நினைவில் பத்து நிலைகள் மட்டுமே உள்ளன என்று கொள்வோம். ஓர் 'ஏறு' கேட்டபின் அது ஒரு நிலையில் இருக்கும். இரண்டு கேட்டபின் ஒரு நிலையில் இருக்கும். இவ்வாறே பதினொன்று வரை செல்வோம். நிலைகள் பத்து, எண்ணிக்கைகள் பதினொன்று. பத்து அறைகளில் பதினொரு விருந்தினர் தங்கினால், ஏதேனும் ஓர் அறையில் இருவர் தங்கியே ஆக வேண்டும் அன்றோ? அதுபோல, இரண்டு வேறு எண்ணிக்கைகள் ஒரே நிலையில் வந்து முடியும். அவை 4-உம் 9-உம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஏறி நான்கு இறங்கிய கோலத்தை அப்பொறி சரி என்று ஏற்குமானால், ஒன்பது ஏறி நான்கே இறங்கிய கோணற் கோலத்தையும் சரி என்றே ஏற்றுவிடும். ஏனெனில், ஏறியது நான்கா, ஒன்பதா என்பதை அது மறந்துவிட்டது. நிலைகளைப் பத்திலிருந்து பதினாயிரமாக உயர்த்தினாலும் அதைவிடப் பெரிய கோலம் ஒன்று வந்து அப்பொறியை ஏமாற்றும். ஆகவே, குறை பொறி செய்தவரிடத்தில் இல்லை. அவ்வகைப் பொறியின் இயல்பிலேயே உள்ளது.

அம்மாயி என்ன செய்தார்? நினைவைத் தம் தலைக்குள் மட்டும் வையாமல் மடியிலும் வைத்தார். கோலம் வளர வளரப் புளியங்கொட்டைகளும் வளர்ந்தன. இதுவே அடுத்த படி.

அப்படியின் முழு ஆற்றலை அறிய, கோலத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். சில வரிகளை வெள்ளை மாவாலும் சில வரிகளைச் செம்மண்ணாலும் வைப்பதாகக் கொள்வோம். மேற்பாதியின் நிறங்கள் நீரில் விழுந்த நிழல்போல் கீழ்ப்பாதியில் தலைகீழாக வரவேண்டும். இப்போது எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த நிறம் எப்போது வந்தது என்பதும் வேண்டும். வெள்ளை வரிக்கு அவரைக்கொட்டையும் செம்மண் வரிக்குப் புளியங்கொட்டையுமாக, ஒரு குறுகிய மூங்கிற் குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு வரலாம். இறங்கும்போது குழாயின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லப்படும் நிறத்தோடு ஒப்பிடலாம். கடைசியில் இட்டது முதலில் வெளிவருமாதலால், நிழல்போன்ற அமைப்பு மிகச் சரியாகப் பொருந்தும். இக்குழாயை ஒத்த நினைவை அடுக்கு என்பர். இன்று கணிப்பொறிக்கு எழுதப்படும் கட்டளைகளில், திறந்த அடைப்புக்குறிகள் அனைத்தும் முறைப்படி மூடப்பட்டுள்ளனவா என்று ஆராய்வது இவ்வடுக்கைக் கொண்டே. திறக்கும் குறி 'ஏறு'. மூடும் குறி 'இறங்கு'. புளியங்கொட்டைக் கணக்கே அங்கும் நடைபெறுகின்றது.

ஆயினும், அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு. கீழ்ப்பாதியின் நிறங்கள் தலைகீழாக வாராமல், மேற்பாதியில் வந்த அதே முறையில் மீண்டும் வரவேண்டும் என்று கொள்வோம். அப்போது முதலில் இட்ட கொட்டை முதலில் தேவைப்படும். அதுவோ குழாயின் அடியில் கிடக்கின்றது! அதனை எடுக்க மேலுள்ளவற்றையெல்லாம் வெளியே கொட்டினால் அவற்றின் முறை அழிந்துபோகும். எவ்வளவு நீண்ட குழாயாயினும் ஒரு குழாய் மட்டும் இதற்குப் போதாது.

அவ்வாறெனின், இத்தகைய கோலத்தைச் சரிபார்ப்பது எவ்வாறு? வாசலுக்கு இறங்கிச் சென்று கண்ணால் பார்ப்பதே வழி. மேலே சென்று முதல் வரியை நோக்கலாம். கீழே வந்து அதற்கு இணையான வரியை நோக்கலாம். ஒப்பிட்ட வரியருகே ஓர் அடையாளம் இட்டு, மீண்டும் மேலே செல்லலாம். எழுதவும், அழிக்கவும், வேண்டிய இடத்திற்குத் திரும்பிச் சென்று படிக்கவும் இடம் தரும் அந்தத் தரையே இப்போது நினைவாகின்றது. 1936-ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய இளைஞர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் கூறிய பொறி இத்தன்மையதே. தரைக்கு மாற்றாக, கட்டங்கள் வகுத்த முடிவில்லாத நாடா ஒன்றை அவர் கற்பனை செய்தார். ஒரு கட்டத்தைப் படிப்பது, அதில் எழுதுவது அல்லது அழிப்பது, ஒரு கட்டம் இடமோ வலமோ நகர்வது ஆகிய இவ்வளவே அப்பொறியின் தொழில்கள். ஆயினும், இன்றைய கணிப்பொறி எதனைக் கணித்தாலும், போதிய காலமும் நாடாவும் இருப்பின், அவ்வெளிய பொறியும் அதனைக் கணித்துவிடும்.

கோலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்துறையை விளக்குவது வெறுங் கற்பனையன்று. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசனும் கோலத்தை இக்கோட்பாட்டின் கண்கொண்டு ஆராய்ந்தவர்கள். அதற்கு முன்னரே, 1960-களில், 'டிஃப்ராக்' என்னும் இந்தியக் கணிப்பொறியை உருவாக்கியவர்களுள் முதன்மையான ஆர். நரசிம்மன், படங்களை இலக்கண முறையில் விளக்கும் வழியை ஆராய்ந்திருந்தார்.

சொற்றொடர் ஒரே வரிசையில் ஓடும். கோலமோ நான்கு புறமும் பரவும். ஆகவே, சொற்றொடருக்கு வகுத்த இலக்கணம் கோலத்திற்கு அப்படியே பொருந்தாது. இதற்குத் தாம்பரத்து அறிஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, 1972-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கப்பட்டது. பந்தலில் முதலில் ஒரு குறுக்குக் கழியைக் கட்டி, பின்னர் அதிலிருந்து தோரணங்களைத் தொங்கவிடுவது போன்றது அவ்வழி. முதலில் ஒருவகை விதிகளால் மேல்வரிசை அமையும். அதன்பின் அவ்வரிசையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வேறு விதிகளால் ஒரே நேரத்தில் பத்திகள் கீழ்நோக்கி வளரும். எல்லாப் பத்திகளும் ஒருங்கே வளர்ந்து ஒருங்கே நிற்பதால் படம் கட்டங்கட்டமாக நிறைவுறும். 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் அவர்கள் கோலத்தையே பெயர் சுட்டி எடுத்துக்கொண்டு, அதற்கென அணிவகுப்பு இலக்கணங்களை வகுத்துக் காட்டினர். பின்னர், புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலங்களையும் ஆராய்ந்தனர். நேரே செல்லுதல், வலப்புறம் திரும்புதல், இடப்புறம் திரும்புதல் முதலிய சில அசைவுகளின் தொடராகவே எவ்வளவு சிக்கலான கம்பிக் கோலத்தையும் எழுதிவிடலாம் என்று கண்டனர். நம் நாட்டு வாசற்கோலம் உலக அறிஞர்களின் ஆராய்ச்சி ஏடுகளில் இடம்பெற்றது. அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-ஆம் ஆண்டில் கோல மரபைப்பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். விதிகளும் உள, நினைவுக்கு முடிவில்லா நாடாவும் உளது. ஆகவே, இனிப் பொறியால் இயலாதது ஒன்றும் இல்லையோ? உண்டு என்பதே டூரிங் கண்ட விடை. ஏதேனும் ஒரு விதித்தொகுதியைக் கொடுத்து, 'இவ்விதிப்படி இடும் கோலம் என்றேனும் முடியுமா, முடியாமல் வளர்ந்துகொண்டே செல்லுமா?' என்று வினவுவோம். எல்லா விதித்தொகுதிகளுக்கும் தவறாமல் விடை கூறும் பொறி ஒன்றைச் செய்ய இயலுமா? செய்துவிட்டதாகவே கொள்வோம். அதனைத் தன்னுள் அடக்கிய வேறொரு குறும்புப் பொறியையும் செய்யலாம். அக்குறும்புப் பொறி முதலில் தன்னைப்பற்றியே வினவும். 'நீ முடிவாய்' என்று விடை வந்தால் முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கும்; 'நீ முடியமாட்டாய்' என்று விடை வந்தால் உடனே நின்றுவிடும். எவ்விடை கூறினும் அது பொய்யாகின்றது. ஆகவே, எல்லாவற்றிற்கும் தவறாமல் விடை கூறும் பொறி இருத்தல் இயலாது. எவ்வளவு விரைவான கணிப்பொறி வந்தாலும் இவ்வெல்லை விலகுவதில்லை. அது கணிப்பின் இயல்பிலேயே அமைந்த எல்லை. தன் எல்லையைத் தானே அறுதியிட்டுக் காட்டியதே இத்துறையின் பெருமை.

தொண்டாமுத்தூர் வாசலுக்கு மீண்டும் வருவோம். இந்நாளில் வாசலில் ஒட்டும் அச்சுக் கோலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒட்டிய கோலம் ஒன்று, என்றும் ஒன்றே. விதி அறிந்த கையோ நாள்தோறும் புதிய கோலம் இடும். கோலம் காலையில் பிறந்து மாலைக்குள் அழிந்துவிடும். அதன் இலக்கணம் தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்குமாகச் செல்லும். அதனை எழுதி வைத்தவர் சிலரே. கைகளில் காத்து வந்தவர் எண்ணற்றோர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். எழுத்தறியாமை வேறு, அறிவின்மை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சிறுமி விடுபட்ட வரியை வைத்தாள். அம்மாயியின் மடியில் கொட்டை ஒன்றும் எஞ்சவில்லை. அன்று மாலை அவள் தன் ஏட்டை எடுத்து வந்து, "நீங்கள் அறிந்த கோலங்களின் விதிகளையெல்லாம் சொல்லுங்கள், அம்மாயி, நான் எழுதி வைக்கின்றேன்," என்று கேட்டாள்.

"எழுது, அம்மிணி," என்றார் அம்மாயி. "ஆனால் நாளைக் காலையில் கையாலும் இட்டுப் பார். ஏட்டில் பிழை இருந்தால் வாசல் காட்டிக் கொடுக்கும்."